அண்ணியும் பாப்பாவும் கூடாரம் போட்ட இடம்

பாப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயது. கடைக்குட்டியாகப் பிறந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர், தலை நரைத்த பிறகும் விடவில்லை. ஆள் நல்ல வாட்டசாட்டம். கதவைத் திறந்துகொண்டு வந்தால் அறையில் வெளிச்சம் கொஞ்சம் குறையும். அவள் வேலை பார்த்த மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், "பாப்பாக்காவைப் போய்ப் பாரு" என்று அனுப்பப்பட்டு, எதிரே நிற்கும் உருவத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கமுடியாமல் திண்டாடுவார்கள்.

அண்ணி கதையும் அப்படித்தான். பாப்பாவின் அண்ணனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தவள் அவள். பாப்பா வாய் ஓயாமல் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவே அவளை அண்ணியாக்கிவிட்டது. பால் ஊற்றுகிறவர் அவளைவிட வயதில் மூத்தவர். அவருக்கும் அவள் அண்ணிதான்.

அண்ணிக்குக் கூடாரம் தைக்கிற வேலை. ஊர்க்கோடியில் தகரக்கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகையில் தையல் மெஷின்கள் வரிசையாக இருக்கும். சட்டை தைக்கிற மெஷின் மாதிரி இல்லை. கனத்த துணியைக் குத்தி இழுக்கிற முரட்டு மெஷின்கள். அந்த இரைச்சலில் பேசிப் பழகி, வீட்டிலும் அவளுக்குக் குரல் உயர்ந்தே இருக்கும். "உப்பு எடு" என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரியும் உப்பு எடுத்துக்கொண்டு வருவாள் என்று பாப்பா கேலி செய்வாள். மூலைத் தையல் அண்ணியின் பொறுப்பு. கூடாரத்தின் கூரையும் சுவரும் சேருகிற இடத்தில்தான் தண்ணீர் முதலில் நுழையப் பார்க்கும். அங்கே துணியை இரண்டாக மடித்து, இரட்டைத் தையல் போட்டு, அதன்மேல் பட்டை வைத்து ஒட்ட வேண்டும். எத்தனை கூடாரங்கள் அவள் கையைத் தாண்டிப் போயின என்று அவளுக்கே தெரியாது. ஒன்றில்கூட அவள் படுத்ததில்லை.

கல்யாணமான புதிதில் அண்ணிக்கும் பாப்பாவுக்கும் ஏழாம் பொருத்தம். அண்ணிக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பாப்பாவுக்குச் சாத்தியிருக்க வேண்டும். சீப்பை எடுத்தால் வைத்த இடத்தில் வைப்பதில்லை என்று ஒரு சண்டை, துவைக்கிற துணியைத் திருப்பிப் போடவில்லை என்று இன்னொன்று. நடுவில் நின்று தீர்த்துவைக்க வேண்டிய அண்ணன் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருந்ததைவிட வழியில் இருந்ததே அதிகம். அவர் வரும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒருவரைப் பற்றி ஒருவர் புகார் சொல்வார்கள். அவர் இரண்டையும் கேட்டு, இரண்டுக்கும் தலையாட்டி, குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார்.

பிறகு பாப்பாவுக்குக் கல்யாணமாயிற்று. ஒரு வருஷம் முடிவதற்குள் போன பெட்டியோடே திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று அண்ணி கேட்கவில்லை. அலமாரியில் ஒரு தட்டிலிருந்த தன் துணிகளை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, "இதுல உன் துணியை வச்சுக்க பாப்பா" என்றாள். அன்று ராத்திரி ஜன்னலையும் அவளே சாத்தினாள். அதற்குப் பிறகும் சண்டைகள் நடந்தன. ஆனால் அவற்றில் பழைய கூர்மை இல்லை.

அண்ணிக்கு ஒரு பெண் பிறந்தாள். அண்ணி கொட்டகைக்குப் போகிற நேரத்தில் பாப்பா வீட்டில் இருப்பாள். பாப்பா சலவைக்கூடத்துக்குப் போகிற நேரத்தில் அண்ணி வந்துவிடுவாள். இரண்டு பேர் மடியிலும் மாறி மாறி வளர்ந்த பிள்ளை அது. அம்மா திட்டினால் அத்தையிடம் ஓடும். அத்தை திட்டினால் அம்மாவிடம் ஓடும். இரண்டு பேரும் சேர்ந்து திட்டினால் பக்கத்து வீட்டுக்கு.

அந்தப் பெண் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே லாரிக்காரர் போய்விட்டார். வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் தலை சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். "பாலம் மாதிரி இருந்தவன் போயிட்டான். இனிமே இவளுக்கும் அவளுக்கும் என்ன இருக்கு?" அது இரண்டு பேர் காதிலும் விழுந்தது. போ என்று அண்ணி சொல்லிவிடுவாளோ என்று பாப்பாவும், போகிறேன் என்று பாப்பா சொல்லிவிடுவாளோ என்று அண்ணியும் பல நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாடினார்கள். யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே வருஷங்கள் ஓடிவிட்டன.

அண்ணி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கொட்டகைக்காரர்கள் சேர்ந்து ஒரு கூடாரத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். இரண்டு பேர் படுக்கிற அளவு, பச்சை நிறம். பாப்பா அதைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் கடிகாரம் குடுப்பாங்க. இவங்க வீடே குடுத்திருக்காங்களே! எங்க போடுறது, அடுப்படியிலயா?" என்றாள். கூடத்திலேயே போட்டுப் பார்த்தார்கள். கட்டில், நாற்காலி எல்லாவற்றையும் ஓரம் தள்ளியும் சமையலறைக்குப் போக வழியில்லை. காப்பி போட வேண்டுமென்றால் பாப்பா கூடாரத்துக்குள் ஒரு பக்கமாகத் தவழ்ந்து நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டியிருந்தது. சிரித்துச் சிரித்து அண்ணிக்கு விலா வலித்தது. பிறகு கூடாரம் பரண்மேல் ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் மகளிடமிருந்து போன் வந்தது. அவள் கல்யாணமாகித் தூர நகரத்தில் இருந்தாள். கைக்குழந்தை. "அம்மா, நீ இங்கயே வந்துடும்மா. ஒரு கட்டில் போடுற சின்ன ரூமா இருந்தாலும் உனக்குன்னு ஒண்ணு ஒதுக்கிட்டோம்" என்றாள். அண்ணி போனை எப்போதும் காதிலிருந்து தள்ளிப் பிடித்துத்தான் பேசுவாள். மகள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாப்பாவுக்குக் கேட்டது. ஒரு கட்டில் போடுகிற அறை என்பதும் கேட்டது.

பாப்பா மிச்ச வெங்காயத்தையும் உரித்து முடித்தாள். இரண்டு நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "அண்ணி, நீங்க கிளம்புறதுக்கு முன்னாடி அந்த மலைக்கு ஒருதரம் போயிட்டு வந்துடலாமா?" என்று கேட்டாள்.

மலை என்றால் எல்லோரும் யாத்திரை போகிற மலை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன நகரம், அதற்கு மேலே தலம். அங்கே அடிக்கிற மணி பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும் என்பார்கள். பாப்பாவுக்கு அங்கே போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஒவ்வொரு முறையும் ஏதாவது குறுக்கே வந்துகொண்டிருந்தது.

"நான் எங்கடி கிளம்புறேன்னு சொன்னேன்?" என்றாள் அண்ணி.

"சொல்லாட்டி என்ன? பேத்தியைப் பார்க்கப் போக வேண்டாமா?"

அண்ணி ஒரு துணியை உதறி மடித்தபடி, "மலைக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னாள்.

விடுதிகளுக்குப் போன் செய்து பார்த்தார்கள். கோடைக்காலம், எங்கும் இடமில்லை. கடைசியாக ஒருவர், கூடத்தில் வரிசையாகப் பாய் போட்டு இடம் தருவதாகச் சொன்னார். பாப்பா குறட்டை விடுவாள்; ஊரே எழுந்து உட்காரும். அண்ணி பரணைப் பார்த்தாள். "நம்மகிட்டதான் வீடே இருக்கே" என்றாள்.

பஸ் மலையேறி நகரத்துக்கு வந்து சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன ஜன்னல். அதற்குப் பின்னால் வருகிறவர்களுக்கு வழி சொல்கிற ஒரு பெண். கூடாரம் போட இரண்டு இடங்கள் இருப்பதாக வரைபடத்தில் காட்டினாள். ஒன்று கீழே ஆற்றங்கரை. சமதரை, பக்கத்திலேயே குழாய், கழிப்பறை. இன்னொன்று மேலே புல்வெளி. மலைமுகடு எதிரே தெரியும், தலத்துக்கும் கிட்டே. ஆனால் நடந்துதான் ஏற வேண்டும்.

"ஆத்தங்கரைக்கே போயிடலாம். எனக்குத் தண்ணிச் சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வரும்" என்றாள் அண்ணி.

"என்னைக்கு நீங்க தண்ணிச் சத்தம் கேட்டுத் தூங்கியிருக்கீங்க? நம்ம வீட்டுக் குழாய் ஒழுகினா ராத்திரியோட ராத்திரியா எழுப்பி மூட வைப்பீங்க" என்றாள் பாப்பா. "மேல போகலாம் அண்ணி. அங்கதான் மணிச் சத்தம் நல்லா கேக்கும்."

"உன் முட்டி?"

"என் முட்டிக்கு என்ன? அது பாட்டுக்கு வரும்."

பாப்பாவின் முழங்கால் வருஷக்கணக்காகச் சலவைக்கூடத்துக் கல்தரையில் நின்று கெட்டுப்போனது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வரிசையில் நின்றவர் தொண்டையைச் செருமினார். அண்ணி பையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப்பக்கம் நடந்துவிட்டாள். பாப்பா முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனாள்.

ஆற்றங்கரையில் எள் போட்டால் எள் விழாது. கூடாரத்தோடு கூடாரம் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு கூட்டம் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போட்டிருந்தது. மிச்சமிருந்த ஒரே இடம் கழிப்பறைச் சுவரை ஒட்டிய சேறு. அண்ணி அதில் காலை வைத்துப் பார்த்தாள். செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. கால் மட்டும் வெளியே வந்தது.

"தண்ணிச் சத்தம் கேக்குதா அண்ணி?" என்றாள் பாப்பா.

செருப்பைத் தோண்டி எடுத்துக் கழுவிக்கொண்டு இருவரும் மேலே ஏறத் தொடங்கினார்கள்.

பாதை முதலில் வீடுகளுக்கு நடுவே போயிற்று. பிறகு வீடுகள் தீர்ந்து, இரண்டு பக்கமும் படிப்படியாக வெட்டிய தோட்டங்கள். கூடாரப் பை அண்ணியின் முதுகில். போர்வையும் சாமான்களும் பாப்பாவிடம் இருந்தன. கொஞ்ச தூரம் போனதும் அண்ணி அவற்றையும் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். பாப்பா ஒரு கல்லில் உட்காருவாள், எழுந்திருப்பாள், அடுத்த கல்லைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். எதிரே இறங்கி வருகிற யாத்திரைக்காரர்கள் எல்லோரும், "இதோ கிட்டத்துலதான்" என்றார்கள். அந்தக் கிட்டம் கிட்டவே வரவில்லை.

ஒரு வளைவில் பாப்பா நின்றுவிட்டாள். மடக்கிய கால் நீளவில்லை. முகம் வெளுத்துவிட்டது. அண்ணி பையை எறிந்துவிட்டு ஓடி வந்து அவளைத் தாங்கிப் பிடித்து, பாதையோரத்தில் உட்கார வைத்தாள்.

"அப்பவே சொன்னேனே! கீழயே இருந்திருக்கலாம்ல? மணி எங்க இருந்தா என்ன, காது இருந்தா கேக்காதா?" என்று கத்தினாள். கொட்டகைக் குரல், மலையில் மோதித் திரும்பி வந்தது.

பாப்பாவும் கத்தினாள். "மணிக்காகவா வந்தேன்? உங்க கொட்டகைச் சுவத்துல ஒரு படம் இருந்துச்சே, புல்வெளியில பச்சைக் கூடாரம், பின்னால மலை! தினமும் அதைப் பார்த்துக்கிட்டே தைக்கிறேன்னு சொன்னீங்களே! நீங்க போறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது அந்த மாதிரி இடத்துல உங்களைப் படுக்க வைக்கணும்னுதான்..." முடிக்க முடியவில்லை. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் படத்தைப் பற்றி எப்போது சொன்னோம் என்று அண்ணிக்கே நினைவில்லை. அவள் பாப்பாவின் காலடியில் உட்கார்ந்து முழங்காலை மெல்லத் தேய்த்துவிட ஆரம்பித்தாள். "லூசு" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. மிகச் சின்னக் குரலில் சொன்னாள்.

தூறல் விழுந்தது. மேலே தோட்டத்திலிருந்து, தலையில் சாக்கைப் போர்த்தியபடி ஒரு பெண்மணி இறங்கி வந்தாள். உருளைக்கிழங்கு போட்டிருக்கிற தோட்டம், அவளுடையது. என்ன ஏது என்று விசாரித்துவிட்டு, "இந்தக் காலோட இன்னைக்கு மேல போக முடியாது. வரப்புக்குப் பக்கத்துல கிழங்கு எடுத்த இடம் கொஞ்சம் காலியா இருக்கு. அங்க போட்டுக்குங்க" என்றாள். "வீட்டுக்குக் கூப்பிடலாம்னா, என் வீடு இன்னும் மேல இருக்கு."

காற்றும் வந்துவிட்டது. அண்ணி கூடாரத்தை விரிக்க விரிக்க அது பாய்மரம் போல உப்பியது. ஒரு பக்கம் முளை அடித்தால் மறுபக்கம் பிடுங்கிக்கொண்டது. தைத்துத் தைத்துக் கை காய்த்தவள்தான். ஆனால் வெட்டவெளியில் காற்றோடு மல்லுக்கட்டி அவள் ஒருநாளும் கூடாரம் போட்டதில்லை. தோட்டக்காரி ஒரு கயிற்றைப் பிடித்தாள். பாப்பா நொண்டிக்கொண்டே வந்து, "தள்ளுங்க, நான் உள்ள உக்கார்றேன். அப்புறம் எந்தக் காத்து தூக்குதுன்னு பார்த்துடுவோம்" என்று உள்ளே புகுந்து நடுவில் சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்தாள். கூடாரம் அடங்கிவிட்டது. தோட்டக்காரி சிரித்த சிரிப்பில் கயிற்றை விட்டுவிட்டாள்.

மழை வலுத்தபோது இருவரும் உள்ளே இருந்தார்கள். இன்னும் பொழுது சாயவில்லை. பச்சைத் துணி வழியாக வெளிச்சம் இலைக்குள் இருப்பது போல வந்தது. அண்ணி மூலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூலையாக விரலை வைத்துத் தடவினாள். காய்ந்திருந்தது.

"மழைன்னா உள்ள இப்படித்தான் சத்தம் கேக்குமா!" என்றாள். "எவ்வளவு வருஷம்... இது தெரியாமலே அனுப்பிக்கிட்டு இருந்திருக்கேன் பாரு."

பாப்பா மல்லாந்து படுத்தாள். பிறகு, கூரையைப் பார்த்தபடியே, "அங்க போனா ஜன்னலைத் திறந்து வச்சே தூங்கலாம் அண்ணி. சாத்தச் சொல்ல ஆள் இல்ல" என்றாள்.

"எங்க?"

"மக வீட்டுல."

அண்ணி திரும்பி அவளைப் பார்த்தாள். "பாப்பா, குழந்தை தவழ்ற வரைக்கும் இருந்துட்டு வரேன்னுதான் அவகிட்ட சொல்லியிருக்கேன். நீ சலவைக்கூடத்துக்குப் போயிருந்தப்ப பேசினேன். அங்கயே தங்குறேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ வாயைத் திறந்து கேப்பேன்னு பார்த்தேன். நீ போங்க போங்கன்னே நின்னே. உனக்கு நான் போனாத் தேவலையோன்னு..."

"எனக்கா?" பாப்பா முழங்காலை மறந்து எழுந்து உட்காரப் பார்த்து, வலியில் "அம்மா" என்று மறுபடியும் சாய்ந்தாள். "அவ கூப்பிடுறது பெத்த அம்மாவை. நான் யாரு, போகாதீங்கன்னு சொல்றதுக்கு?"

"நீ யாருன்னா..." என்று ஆரம்பித்த அண்ணிக்குச் சொல் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டே இருந்தாள்.

"நாத்தனார்னு சொல்லுங்க. வாய் வலிக்காது" என்றாள் பாப்பா.

அண்ணி சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணும் நிறைந்தது. போர்வையை இழுத்துப் பாப்பாவின் கால்வரை போர்த்திவிட்டு, அதன் ஓரத்தில் தானும் படுத்தாள். மழைச்சத்தத்துக்கு நடுவே எங்கோ மேலேயிருந்து மணி கேட்டது. இரண்டு பேரும் அது ஓயும்வரை அசையாமல் கிடந்தார்கள்.

காலையில் தோட்டக்காரி அவித்த கிழங்கும் சூடாகத் தேநீரும் கொண்டுவந்தாள். பாப்பாவின் முழங்கால் வீங்கியிருந்தது. "என் வீட்டுக்காரர் கோவேறு கழுதையில மேல கடைக்குக் கிழங்கு ஏத்திக்கிட்டுப் போவார். மூட்டைக்குப் பதிலா இவங்களை ஏத்திட்டா என்ன?" என்றாள்.

பாப்பா கழுதையைப் பார்த்தாள். கழுதையும் பாப்பாவைப் பார்த்தது. யாருக்கு அதிகப் பயம் என்று சொல்ல முடியாது. தோட்டக்காரர் ஒரு பக்கமும் அண்ணி ஒரு பக்கமும் தாங்க, வரப்பின்மேல் நின்று ஒருவழியாக ஏறிவிட்டாள். வழிநெடுக அதன் பிடரியைத் தடவிக்கொண்டே, "ராசா, கோவிச்சுக்காதே, நான் மூட்டையவிட லேசுதான்" என்று பொய் சொல்லிக்கொண்டு போனாள். எதிரே வந்தவர்களெல்லாம் வழிவிட்டு வணங்கினார்கள். பெரிய பக்தை என்று நினைத்திருக்க வேண்டும்.

புல்வெளி படத்தில் இருந்தது போலவே இருந்தது. மலை மட்டும் மேகத்துக்குள் இருந்தது. அங்கங்கே சில கூடாரங்கள். எங்கே போடலாம் என்று இருவரும் மறுபடி சண்டை பிடித்தார்கள். மரத்தடி வேண்டும் என்றாள் அண்ணி. மரத்தடியில் எறும்பு என்றாள் பாப்பா. கடைசியில் குழாய்க்கும் மரத்துக்கும் நடுவில் போட்டார்கள். அன்று காற்றில்லை. அண்ணி நிதானமாக முளை அடித்தாள். பாப்பா ஒரு கல்லில் உட்கார்ந்து, "அந்தக் கயிறு தளர்ந்திருக்கு, இந்தப் பக்கம் கோணியிருக்கு" என்று மேற்பார்வை பார்த்தாள்.

மறுநாள் விடியற்காலையில் மேகம் விலகியது. பாப்பாதான் முதலில் பார்த்தாள். அண்ணியை உலுக்கி எழுப்பி வாசல் துணியை விலக்கினாள். முகடு முழுவதும் வெயில் பட்டு எதிரே நின்றது. அண்ணி வெளியே போய், கொஞ்ச தூரம் புல்லில் வெறுங்காலோடு நடந்து, திரும்பி நின்று கூடாரத்தைப் பார்த்தாள். பச்சைக் கூடாரம். பின்னால் மலை. வாசலில் தலைகலைந்து உட்கார்ந்திருந்த பாப்பா, "நான் மறைக்கிறேனா? தள்ளிக்கட்டுமா?" என்றாள்.

"தள்ளாதே. அப்படியே இரு" என்றாள் அண்ணி.

அன்று மெதுவாக நடந்து தலத்துக்கும் போனார்கள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று ஒருவரையொருவர் கேட்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியதும் அண்ணி மகள் வீட்டுக்குப் போனாள். குழந்தை தவழ்ந்தது, தவழ்ந்ததும் எழுந்து நிற்கட்டும் என்றாள் மகள், நின்றதும் நடக்கட்டும் என்றாள். நடந்த பிறகுதான் அண்ணி பஸ் ஏறினாள். பாப்பா தினமும் போனில் குழந்தையோடு பேசினாள். அது பேசிய முதல் சொல் "பாப்பா" என்று இங்கே பாப்பா கொண்டாடினாள். எல்லாக் குழந்தையும் அப்படித்தான் ஏதாவது உளறும் என்று அங்கே அண்ணி சொன்னாள்.

திரும்பி வந்த அன்று வீட்டில் ஒரே மருந்து வாசனை. அண்ணி வரப்போகிறாளே என்று பாப்பா கூடாரத்தைச் சலவைக்கூடத்துக்கு எடுத்துப்போய், ஆஸ்பத்திரிப் போர்வைகளோடு சேர்த்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு வெளுத்துக் கொண்டுவந்திருந்தாள். தண்ணீர் புகாமல் இருக்கப் பூசிய பூச்சு எல்லாம் போயே போய்விட்டது. மூலையில் ஒட்டிய பட்டைகள் சுருண்டு தொங்கின.

அண்ணி அதைத் தூக்கிப் பார்த்தாள். கத்துவாள் என்று பாப்பா காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக நின்றாள்.

"அடிப்பாவி" என்றாள் அண்ணி. "சரி, அந்தப் பக்கம் பிடி."

கட்டிலை ஓரம் தள்ளி, கூடம் முழுக்கக் கூடாரத்தை விரித்தார்கள். அண்ணி பழைய கொட்டகையிலிருந்து பட்டையும் பசையும் வாங்கிவந்தாள். ஒரு மூலையில் அவள், எதிர்மூலையில் காலை நீட்டியபடி பாப்பா. அடுத்த கோடையில் எங்கே போவது என்ற பேச்சு வந்தது. ஆறாக இருந்தாலும் பரவாயில்லை, கூட்டம் இல்லாத ஆறாக இருக்க வேண்டும் என்றாள் பாப்பா. மலைதான் என்றாள் அண்ணி. பேச்சு முற்றி, அடுத்த வீட்டுக்காரி என்ன சண்டை என்று எட்டிப் பார்த்தாள்.